முசுடு டின்னில் பென்சில் எந்தக் காதில்

அனுப்புநர்: ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர், மூலைக் கடைக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்: குறை கேட்கும் அதிகாரி, 'முசுடு' குளிர்பானம். (டின்னின் அடியில் பொடி எழுத்தில் உள்ள முகவரி.)

பொருள்: 250 மில்லி முசுடு. அளவில் குறைவு. மூக்கில் எரிச்சல். உருவத்தில் ஒற்றுமை.

மதிப்பிற்குரிய குறை கேட்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் என் மனைவியும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் முப்பத்தொரு வருடமாக, சரிபார்க்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை. எனவே: என் முழங்கால் நலமில்லை, மனைவி நான்கு நாளாகப் பேசவில்லை, மற்றபடி நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், காலை முதல் மாலை வரை ஊரார் குறையைக் கேட்கும் தங்கள் இரண்டு காதுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் குடிக்கிறவன் அல்ல. குளிர்பானத்தைச் சொல்கிறேன். தண்ணீரே அளந்து குடிப்பவன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோப்பு வாங்க மூலைக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்தார், பிறகு தன் பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "சார், நீங்க சொல்லவே இல்லையே" என்றார். என்ன சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க படம் போட்டு கூல்ட்ரிங்ஸ் வந்துருக்கே!" என்று ஒரு டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் ஊதா நிறத்தில் ஒரு நீர்யானை. மூக்கின் நுனியில் மூக்குக்கண்ணாடி. கழுத்துவரை பொத்தான் போட்ட அரைக்கைச் சட்டை. கையில் ஒரு கரண்டி, அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உலகத்திலுள்ள எல்லாக் கரண்டிகளின் மேலும் சந்தேகம் வந்ததுபோல் ஒரு பார்வை. காதில் பென்சில். வாய்க்குப் பக்கத்தில் ஒரு குமிழி, அதற்குள் நான்கு வார்த்தை: "ம்ம்... இது கொஞ்சம் குறையுதே!" தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு வரும் புதுப் பொம்மைப்படமாம். பெயர் முசுடு. எதை எடுத்தாலும் அளக்குமாம், எதை அளந்தாலும் குறை சொல்லுமாம். சோப்பை மறந்து டின்னோடு வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே தெருப்பிள்ளைகள் நான்கு பேர். "முசுடு தாத்தா, முசுடு தாத்தா, கொஞ்சம் குறையுதே!" நான் திரும்பி முறைத்தேன். அது தவறு. படத்தில் இருப்பதும் அதே முறைப்புதான்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றபோது எனக்குப் பரிசாகக் கொடுத்த கண்ணாடி அளவுக் குடுவை ஒன்று வீட்டில் உண்டு. சாப்பாட்டு மேசையில் அதை வைக்க மனைவி விடமாட்டாள் என்பதால் அலமாரியின் மேல்தட்டில் வைத்து, முழுவதையும் ஊற்றி, நுரை அடங்க நாற்பது நிமிடம் நாற்காலியில் காத்திருந்து, அடங்கியபின் அண்ணாந்து பார்த்தேன். 246. நான்கு மில்லி குறைவு. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன், "கொஞ்சம் குறையுதே" என்று. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். டின்னைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "குடிங்க" என்றாள்.

குடித்தேன். முதலில் புளிப்பு. அடுத்து ஒரு தித்திப்பு, மருந்துக்கடையின் தித்திப்பு. அதன்பின் என்ன நடந்தது என்று என்னால் வரிசைப்படி சொல்ல முடியவில்லை, வாய்க்குள் போனது மூக்கு வழியாக வெளியே வந்து, கண்ணில் நீராக ஊற்றி, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மனைவி தலையில் தட்டினாள். தலையில் தட்டுவது புரையேறியதற்கு. இது புரையல்ல, தங்கள் தயாரிப்பு. "நாக்க நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். ஊதா. டின்னின் பின்பக்கம் அதைத்தான் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள்: 'குடித்தால் நாக்கு முசுடு நிறமாகும்!' எத்தனை நாளைக்கு என்று போடவில்லை. மறுநாள் எனக்கு ஓய்வூதிய அலுவலகத்தில் வேலை இருந்தது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பெயரைக் கேட்டார், நான் வாயைத் திறந்தேன், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், உயிரோடதான இருக்கீங்க?" என்றார். இருக்கிறேன் என்றேன். "எதுக்கும் ஒருக்கா உட்காருங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். நல்ல பெண். என் மகள் வயது இருக்கும்.

மகள் என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன். எப்படியும் எழுத வேண்டியதுதான்.

எங்களுக்கு ஒரே மகள். ஆறு வருடமாக எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அன்று டின்னைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி கடைசியில் சொன்னது இதுதான்: "இது அவ போட்ட படம்." எப்படித் தெரியும் என்றேன். "உங்க மூஞ்சிய ஒக்காந்து இவ்ளோ பொறுமையா பாக்க வேற யாருக்கு என்ன தலையெழுத்து?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆறு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு என் நாக்கைக் காட்டி, "இந்த ஊதா யாரு வீட்டு ஊதா?" என்றாள். அது அவளுக்கே தெரியும். தங்களுக்குச் சொல்கிறேன்.

ஆய்வாளருக்கு அலுவலகத்தில் இரண்டு முத்திரை தருவார்கள். அளவு சரியாக இருந்தால் ஒன்று, சரியில்லாவிட்டால் ஒன்று. இரண்டாவதில் 'தள்ளுபடி' என்று இருக்கும், செல்லாது என்று அர்த்தம். விளிம்பு தேய்ந்துபோன ஒரு தள்ளுபடி முத்திரையை, அலுவலகத்தில் தூக்கிப் போட்டதால், வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். மை ஊதா. மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டு படம் கேட்டிருந்தார்கள், வரைந்திருந்தாள். நான்கு மாத வேலை. அப்பா கையெழுத்து வேண்டுமென்று படங்களோடு சேர்த்து என் மேசையில் வைத்தாள். நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மனம் மாறிவிட்டது. நான் மனம் மாறியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேடிக்கையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு வேடிக்கை செய்து பழக்கமில்லை. முதல் படத்தின் நடுவில் தள்ளுபடி முத்திரையைக் குத்தி, அவளைக் கூப்பிட்டு, அவள் பயந்ததும் சிரித்து, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் திட்டம். கூப்பிட்டேன். பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். அது அலுவலக மை, தண்ணீர் பட்டால் போகாது, பரவும். அன்று மாலைதான் கடைசித் தேதி என்பதை அவள் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்ட தாள் என் கையிலேயே இருந்தது. மூன்று வாரம் கழித்துப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டு. "அப்பா, எப்பவும் கொஞ்சம் குறையுதேன்னுதான சொல்வீங்க. நான் கொஞ்சம் குறைவாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னேன், உயரத்துக்கும் சொன்னேன், ஒருமுறை காய்ச்சல் வந்து இறங்கியபோது காய்ச்சல்மானியைப் பார்த்துக்கூடச் சொன்னேன். அப்போது அது நல்ல செய்தி. தொனி ஒன்றுதான்.

மனைவி அன்றிலிருந்து தினம் ஒரு டின் வாங்க ஆரம்பித்தாள். தாங்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவளுக்கு வயிற்றுப்புண், குடிக்கக் கூடாது. நான்தான் குடிக்க வேண்டும். இரண்டாம் நாள் பாதியைத் தொட்டியில் ஊற்றப் போனேன். "ஊத்தாதீங்க! அவ சோறு இதுலருந்துதான் வருது" என்று கத்தினாள். டின்னில் இருப்பதை ஊற்றினாலும் குடித்தாலும் விற்றது விற்றதுதான் என்று விளக்கினேன். "புள்ள சம்பாத்தியத்த சாக்கடைல ஊத்துவாங்களா?" என்றாள். குடித்தேன். பதினேழு நாள். காலி டின்களைக் கழுவி, துடைத்து, முகம் தெருவைப் பார்க்கும்படி ஜன்னலில் வரிசையாக வைத்தாள். தெருவிலிருந்து பார்த்தால் பதினேழு நான். எதற்கு என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கமா வந்தா வீடு தெரியணும்ல" என்றாள். ஆறு வருடத்தில் நாங்கள் வீடு மாறவே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

முடிவெட்டும் கடைக்கும் இனிப் போக முடியாது. கை நடுங்குவதால் மூன்று வருடமாக அங்கேதான் முகம் மழித்துக்கொள்கிறேன். போன வாரம் போனால், கடைக்காரர் தங்கள் டின்னை வெட்டி விரித்துக் கண்ணாடியின் மூலையில் ஒட்டி வைத்திருக்கிறார். "பாருங்க சார், இதவிட நீங்க கொஞ்சம் இளைச்சிருக்கீங்க" என்று ஆறுதல் சொன்னார். பாதி முகத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

தங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். எனக்கு நம்ப ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இது முதல்முறை அல்ல. மூன்று வருடத்துக்கு முன்பு, வேறொரு ஊரில் ஒரு கடைச் சுவரில் வரைந்த பூனையின் படத்தை யாரோ மனைவிக்குக் காட்டினார்கள். கோபம் வந்தால் மனைவியின் முகம் எப்படிப் போகுமோ அப்படியே அந்தப் பூனையின் முகம். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் போனோம். மகளுக்குப் பிடித்த பச்சைப் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். வரைந்தவருக்கு ஐம்பது வயது, பெரிய மீசை. எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பூனைல ஏதும் தப்பாங்க?" என்று கேட்டார். ஒரு தப்பும் இல்லை என்றேன். என் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். திரும்பும்போது ஒன்பது மணி நேரமும் ஜன்னலோர இருக்கையை அவள் எனக்குக் கொடுத்தாள். ஜன்னலை விட்டுக்கொடுக்கிறவள் அல்ல அவள். மடியில் போர்வை. இன்னொருமுறை அப்படி ஒரு பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது.

எனவே முறைப்படி ஆய்வு செய்தேன். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் போடுகிறவர்கள் ஏராளம். கழுத்துப் பொத்தான் போடுகிறவர்களும் உண்டு. 'கொஞ்சம் குறையுது' என்று சொல்லாத ஆய்வாளர் எங்கள் துறையிலேயே கிடையாது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மனைவி கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொன்றையும் ஒதுக்கினாள். "சரி. பொத்தான் இல்ல. கண்ணாடி இல்ல. வேற?" நான்கு நாளுக்கு முன்பு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பென்சிலைப் பார்த்தேன்.

பென்சில் வலது காதில் இருக்கிறது.

நான் இடது காதில்தான் வைப்பேன். வலது காதுக்கு மேல் சின்ன வயதுத் தழும்பு ஒன்று, பென்சில் நிற்காது. காலையில் எழுந்ததும் வைப்பேன், குளிக்கும்போது எடுப்பேன், மறுபடி வைப்பேன். பத்தொன்பது வருடம் தினமும் பார்த்தவள் என் மகள். அவள் எதையும் மாற்றி வரைகிறவள் அல்ல. எட்டு வயதில் வீட்டுக் கதவை வரைந்தால் தாழ்ப்பாளின் துரு வரைக்கும் இருக்கும். அவள் வரைந்திருந்தால் பென்சில் இடது காதில்தான் இருக்கும். ஆகவே இது அவள் இல்லை. மனைவியிடம் சொன்னேன். பூதக்கண்ணாடியை வாங்கி அவளும் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். மறுபடி டின்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஜன்னலிலிருந்து டின்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரு சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றிலிருந்துதான் பேசவில்லை. ஆய்வில் ஜெயித்துவிட்டேன்.

டின்னில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியிலும் முயன்றேன். ஒரு குரல், பாராட்டு என்றால் ஒன்றை அழுத்தவும், குறை என்றால் இரண்டை அழுத்தவும் என்றது. மகள் என்றால் எதை அழுத்துவது என்று சொல்லவில்லை. இரண்டை அழுத்தினேன். இருபத்தாறு நிமிடம் பாட்டு. அதனால்தான் கடிதம். எனக்கு எழுதத் தெரிந்ததும் இந்த மாதிரிக் கடிதம் மட்டும்தான்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அளவில் குறையும் நான்கு மில்லியைச் சரிசெய்ய வேண்டும். ஊதா எத்தனை நாள் நிற்கும் என்று டின்னில் போட வேண்டும். நீர்யானையின் முறைப்பை மாற்ற வேண்டும், அல்லது நீர்யானைக்குப் பதில் வேறு ஏதாவது மிருகம் போட வேண்டும், தெருவில் என்னால் நடமாட முடியவில்லை. கடைசியாக, இந்தப் படத்தை வரைந்தவர் யார் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். டின்னில் 'படம்: எங்கள் ஓவியர் குழு' என்று மட்டும் இருக்கிறது. குழுவில் மீசைக்காரர் யாராவது வரைந்திருந்தால் அப்படியே எழுதிவிடலாம். நான் தாங்கிக்கொள்வேன். மனைவியிடம் காட்டுவேன். அவள் சாக்கைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவாள், அல்லது போடமாட்டாள். ஆனால் காத்திருப்பதை நிறுத்திவிடுவாள். அவளுக்கு அது போதும். எனக்குக் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

தங்கள் ஆலை ஒரு குறையும் இல்லாமல் ஓடட்டும். தங்கள் டின்கள் வழியில் நசுங்காமல் கடை சேரட்டும். தங்களுக்கு மகள் இருந்தால், அவள் இன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட, அதை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் தங்களுக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிக்குப் போகுமுன் முகத்தை மழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடிவெட்டும் கடைக்குப் போக முடியாத காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன். அதனால் மூன்று வருடம் கழித்து வீட்டுக் கண்ணாடியின் முன்னால் நின்றேன். பழக்கதோஷம், காதில் பென்சில்; கடையில் என்றால் துண்டு போர்த்தும் முன்பே அதை எடுத்துவிடுவார். இடது காதில்தான். சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் இருக்கிறவருக்கு வலது காதில் இருந்தது.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து, நான் முகம் மழிக்கும்போது எனக்குப் பின்னால் முக்காலி போட்டு ஏறி நிற்பாள். பள்ளிக்கூடக் கதை எல்லாம் அப்போதுதான் சொல்வாள். கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்வாள், நானும் கண்ணாடியைப் பார்த்துத்தான் "ம்" போடுவேன். திரும்பினதில்லை. மற்ற நேரமெல்லாம் நான் எதையாவது குனிந்து அளந்துகொண்டிருப்பேன், அவளுக்குத் தெரிவது என் உச்சந்தலை. என் முகத்தை அவள் பார்த்தது கண்ணாடியில் மட்டும்தான். பார்த்தபடியேதான் வரைந்திருக்கிறாள்.

நுரையோடேயே உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். எழுத்து நனைந்திருந்தால் மன்னிக்கவும். சத்தம் கேட்டு வந்த மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி முன் நிறுத்தினேன். பார்த்தாள். நான்கு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "இத கண்டுபுடிக்க உங்களுக்கு நாலு நாளா?" என்றாள். இப்போது கட்டிலுக்கு அடியில் சாக்கை இழுக்கும் சத்தம் கேட்கிறது.

மேலே சொன்ன குறைகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். அளவையும் மறுபடி பார்த்தேன். நான்கு நாளுக்கு முன்பு வாங்கி, குடிக்காமல் மிச்சமிருந்த ஒரு டின்னைத் திறந்து, குடுவையைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்து, இந்தமுறை கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து படித்தேன். 250. அன்று முழங்கால் வலியில் உட்கார்ந்தபடி கீழேயிருந்து அண்ணாந்து படித்திருக்கிறேன். கீழே இருந்து பார்த்தால் எதுவும் குறைவாகத்தான் தெரியும். புது ஆட்களுக்கு நான் முதல்நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

நீர்யானையை மாற்ற வேண்டாம். முறைப்பும் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை வரைந்தவரிடம் கொடுத்துவிடவும். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சரியான அளவுக்குக் குத்துகிற முத்திரையை நான் அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டேன், வீட்டில் இருப்பது மற்றது மட்டும்தான். அதனால் கையால் எழுதுகிறேன். சரியாக இருக்கிறது. எதுவும் குறையவில்லை.